கையடக்க அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியை வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய தமிழர்கள் முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும்போது கேட்கும் கேள்விகளையும், கேட்க மறந்துவிடும் சிலவற்றையும் இந்தப் பக்கத்தில் தொகுத்திருக்கிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, பெரும்பாலான இடங்களில் கிளாக் 19, சிக் சாவர் பி365 ஆகிய இரண்டு மாதிரிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். அரைத் தானியங்கி என்றால், ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்பது அதன் பொருளன்று. சட்டம் தொடர்பான பகுதிகள் பொதுவான விளக்கமே. உங்கள் மாநிலத்திற்கும் உங்கள் குடிவரவு நிலைக்கும் உரிய முடிவை வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கடைக்குப் போய்ப் பார்க்கலாமா?

எந்தத் துப்பாக்கி நல்லது என்ற கேள்விக்கு முன்பாகவே இதற்கு விடை காண வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் சாராத விசாவில் நாட்டிற்குள் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 ஆகிய நம்மவர் வழக்கமாக வைத்திருக்கும் விசாக்கள் எல்லாம் இதில் அடங்கும். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றுள் நடைமுறையில் அதிகம் பேசப்படுவது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது.

பலர் கவனிக்கத் தவறுவது "வைத்திருத்தல்" என்ற சொல்லின் விரிவைத்தான். சுடுதளத்தில் ஒரு மணி நேரத்திற்கு வாடகைத் துப்பாக்கி எடுத்துச் சுடுவதும் சட்டத்தின் கண்ணில் வைத்திருத்தலே. நண்பர்கள் வார இறுதியில் சுடுதளத்திற்குப் போய்ப் படமெடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடுவது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு நாடு கடத்தலுக்கே காரணமாகலாம் என்பதால், பத்தாண்டுகளுக்கு மேலாகப் பச்சை அட்டைக்குக் காத்திருப்பவர் இந்த விளையாட்டில் பணயம் வைப்பது மிகப் பெரியது. பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் குடிமக்களைப் போலவே படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனைக்குப் பின் வாங்கலாம்.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். அதன் பிறகு, 1998 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் தேசிய உடனடிப் பின்னணிச் சோதனை நடைபெறும். வேறு மாநிலத்துக் கடையில் பிடித்த கைத்துப்பாக்கியை அங்கேயே வாங்கிக் கொண்டுவர இயலாது. அது உங்கள் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற வணிகருக்கு அனுப்பப்பட்டு, அவர் வழியாகத்தான் உங்கள் கைக்கு வரவேண்டும்.

எனக்குத் தள்ளுபடி கிடைக்கிறது. நண்பருக்காக நான் வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. காஸ்ட்கோ உறுப்பினர் அட்டையைக் காட்டி நண்பர் வீட்டிற்கும் சேர்த்து ஒரு மூட்டை அரிசி வாங்கி வருவது நமக்குப் பழக்கமான உதவி. துப்பாக்கியில் அதே உதவி கூட்டாட்சிக் குற்றமாகிறது. படிவத்தின் முதன்மையான கேள்வியே "உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா" என்பதுதான். 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆப்ராம்ஸ்கி வழக்கில் வாங்கப்பட்டதும் ஒரு கிளாக் 19 தான். முன்னாள் காவலரான ஆப்ராம்ஸ்கி, தனக்குக் கிடைக்கும் தள்ளுபடியைக் கருதி, உறவினர் ஒருவரின் பணத்தில் அவருக்காக வாங்கினார். அந்த உறவினரும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உடையவரே. ஆயினும் படிவத்தில் பொய் சொன்னார் என்ற தண்டனையை நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது. சொந்தப் பணத்தில் வாங்கி, தகுதியுள்ள ஒருவருக்கு உண்மையான அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. அதற்கும் சில மாநிலங்களில் தனி நடைமுறை உண்டு.

மாநிலத்திற்கு மாநிலம் என்ன மாறும்?

வாங்கும் பொருளே மாறும். கலிபோர்னியாவில் கடைகள் பொதுமக்களுக்குப் புதிதாக விற்கும் கைத்துப்பாக்கி, மாநிலம் வெளியிடும் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். வாங்கிய பின் பத்து நாள் காத்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்னதாகவே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். இந்த இரு மாநிலங்களிலும் மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக்கூடாது. இலினாயில் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை இல்லாமல் எதுவும் நகராது. டெக்சஸ் இவற்றுக்கு நேர் எதிர். 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள 21 வயதினர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல முடியும். எனவே டெக்சஸில் இருக்கும் மைத்துனர் சொன்ன அறிவுரையை நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவர் அப்படியே பின்பற்ற முடியாது. 15 தோட்டாக்கள் கொள்ளும் என்பதற்காகவே ஒரு துப்பாக்கியை அவர் பரிந்துரைத்திருந்தால், பத்துத் தோட்டா வரம்புள்ள மாநிலத்தில் அந்தக் காரணமே காணாமல் போய்விடுகிறது.

"கையடக்க" வகை என்றால் சரியாக என்ன அளவு?

சட்டத்திலோ தொழில்நுட்பத்திலோ உறுதியான எல்லைக்கோடு கிடையாது. இது விற்பனையாளர்கள் வகுத்த பெயர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த காஸ்டன் கிளாக் தம் நாட்டு ராணுவத்திற்காக உருவாக்கிய கிளாக் 17, 1982-இல் அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் குழலையும் பிடியையும் சற்றே குறைத்து 1988-இல் வந்தது கிளாக் 19. இன்றுவரை "கையடக்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனத்தில் தோன்றும் அளவுகோல் அதுதான். அதன் ஐந்தாம் தலைமுறை சுமார் 185 மில்லிமீட்டர் நீளமும், மேகசின் உட்பட 128 மில்லிமீட்டர் உயரமும், 102 மில்லிமீட்டர் குழலும் கொண்டது. காலி மேகசினோடு எடை ஏறத்தாழ 670 கிராம். கொள்ளளவு 15 தோட்டாக்கள்.

2018-இல் சிக் சாவர் பி365 வந்தபோது அந்த அளவுகோல் ஆட்டம் கண்டது. ஓர் அங்குல அளவே தடிமனுள்ள உடலில் பத்துத் தோட்டாக்களை அடக்கியது அது. அதற்கு முன் 2015-இல் வந்த கிளாக் 43 அதே அளவிலான உடலில் ஆறு மட்டுமே கொண்டது. பி365-இன் குழல் 79 மில்லிமீட்டர். எடை காலி மேகசினோடு சுமார் 505 கிராம். அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனம் 11 தோட்டாக்கள் கொள்ளும் ஹெல்கேட்டைக் கொண்டுவந்தது. இந்தப் போட்டியால் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்று இருபது முப்பது வகைகள் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. புதியவர் திணறுவதில் வியப்பில்லை.

சிறியதாக இருந்தால் சுடுவதற்கும் எளிதாக இருக்குமல்லவா?

இல்லை. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது சிறிய துப்பாக்கி அழகாகவும் அடக்கமாகவும் தோன்றுகிறது. சுடுதளத்தில் அதே துப்பாக்கி கையை உதறவைக்கிறது. கடையில் வாங்குவது ஒன்று, சுடுவது இன்னொன்று என்று ஆகிவிடுவதற்கு முதற்காரணம் இந்த மயக்கம்தான்.

காரணம் எளிய இயற்பியல். கிளாக் 19, பி365 ஆகிய இரண்டும் ஒரே 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடுகின்றன. சுமார் 8 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 350 மீட்டர் அளவிலான வேகத்தில் வெளியேறும்போது, அதற்கு ஈடான உந்தம் துப்பாக்கியின் மீது பின்னோக்கி விழுகிறது. உந்தம் ஏறத்தாழ ஒன்றே. எடை குறைந்தால் பின்னுதைப்பின் ஆற்றல் அதே விகிதத்தில் கூடுகிறது. 670 கிராமிலிருந்து 505 கிராமுக்கு இறங்கினால் அந்த ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாகும். கிராம் கணக்கில் சிறியதாகத் தெரிவது மணிக்கட்டில் சிறியதாகத் தெரியாது.

அடுத்தது குறிபார்க்கும் தூரம். துப்பாக்கியின் மேல், குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 150 மில்லிமீட்டர் இருக்கும் துப்பாக்கியில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 67 மில்லிமீட்டர் விலகும். அந்த இடைவெளி 125 மில்லிமீட்டராகக் குறைந்தால் அதே தவறு 80 மில்லிமீட்டராகப் பெருகும். அதோடு பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். ஐந்து விரல்கள் செய்ய வேண்டிய வேலையை நான்கு விரல்கள் செய்யும். சிறிய துப்பாக்கிகள் கெட்டவை என்று சொல்லவில்லை. ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வோருக்காக உருவானவை அவை. வீட்டில் பூட்டிய பெட்டியில் வைப்பதற்கும் வாரம் ஒருமுறை சுடுதளத்தில் பழகுவதற்கும் மட்டும் வாங்குபவர், தமக்குத் தேவைப்படாத ஒரு வசதிக்காகப் பயிற்சியைக் கடினமாக்கிக்கொள்கிறார்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கடை ஒழுக்கம். ஊழியர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (குழலை மூடியபடி முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறை காலி என்று காட்டிய பிறகே கொடுப்பார். அவர் பார்த்திருந்தாலும் நீங்களும் கண்ணாலும் விரலாலும் மறுபடி பாருங்கள். அதை அவர் அவமதிப்பாகக் கொள்ளமாட்டார், மாறாக மதிப்பார். மேகசினை முதலில் கழற்றி அதன் பிறகே ஸ்லைடை இழுக்க வேண்டும் என்ற வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால், அறையிலிருந்து ஒரு தோட்டா வெளியேறும் அதே நேரத்தில் மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறிவிடும். குழலை யார் மீதும் திருப்பாதீர்கள். ஊழியரிடம் கேட்காமல் விசையை (டிரிக்கரை) அழுத்தாதீர்கள்.

பிறகு பொருத்தம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கைவளைவு, பிடியின் மேல்விளிம்பில் இடைவெளியின்றி அமர வேண்டும். துப்பாக்கியின் குழல் உங்கள் முன்கையின் எலும்போடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி பிடியுங்கள். அந்த நிலையில் சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதி விசையின் மீது இயல்பாகப் படிகிறதா என்று பாருங்கள். விரல் எட்டாமல் கையைச் சுழற்றிப் பிடிக்க நேர்ந்தால் பிடி உங்களுக்குப் பெரியது. விரல் மிகையாக உள்ளே போனால் சிறியது. கிளாக்கின் நான்காம், ஐந்தாம் தலைமுறைகளிலும் வேறு பல தயாரிப்புகளிலும் பிடியின் பின்தகட்டை மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் கூடுதல் தகடுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு, பாதுகாப்பான திசையில் கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி வானத்தைப் பார்த்தபடி நின்றால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு இயல்பானதன்று. பயிற்சியால் சரிசெய்யலாம், ஆனால் அருகில் இருக்கும் இன்னொரு துப்பாக்கி பயிற்சியின்றியே நேராக நிற்கிறது என்றால் அதை ஏன் விட வேண்டும்?

என் மனைவிக்கு ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை. ரிவால்வர் வாங்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் குறைபாடு வலிமையில் அன்று, முறையில் இருக்கிறது. ஒரு கையால் துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையின் இரண்டு விரல்களால் ஸ்லைடைக் கிள்ளி இழுக்க முயல்பவர்கள்தான் திணறுகிறார்கள். துப்பாக்கியை உடலுக்கு அருகில், குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, ஸ்லைடை உள்ளங்கை முழுவதாலும் பற்றி, பிடித்த கையை முன்னுக்குத் தள்ளியபடியே மறுகையைப் பின்னுக்கு இழுத்தால் இரண்டு தோள்களின் வலிமையும் சேர்ந்துகொள்கிறது. அப்படியும் கடினமாக இருந்தால், இதற்காகவே மென்மையான சுருள்வில்லோடு ஸ்மித் அண்டு வெஸ்சன் தயாரிக்கும் ஷீல்டு ஈசி வரிசையைப் பார்க்கலாம். சிறிய துப்பாக்கிகளில் ஸ்லைடின் எடை குறைவு என்பதால் சுருள்வில் பொதுவாக விறைப்பாக இருக்கும். இங்கும் "சிறியதே எளியது" என்ற கணிப்பு பொய்க்கிறது. ரிவால்வரின் நீண்ட, கனமான விசையிழுப்பு, விரல் வலிமை குறைந்தவருக்கு வேறொரு சோதனை.

துப்பாக்கியைப் பயன்படுத்தப்போகிறவரே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணவர் தேர்ந்தெடுத்து மனைவியின் கையில் திணிக்கும் காட்சியைக் கடைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். புடவைக் கடையில் நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஸ்ட்ரைக்கர் வகை, ஹேமர் வகை என்கிறார்களே, எது பாதுகாப்பானது?

இன்றைய கையடக்கத் துப்பாக்கிகளில் பெரும்பான்மை ஸ்ட்ரைக்கர் வகை. வெளியே தெரியும் சுத்தியல் கிடையாது. உள்ளிருக்கும் ஊசி சுருள்வில்லின் அழுத்தத்தால் முன்னோக்கிப் பாய்கிறது. முதல் சுடலுக்கும் பத்தாவது சுடலுக்கும் விசையின் எடை ஒன்றே. கிளாக்கில் அது இரண்டரைக் கிலோகிராம் அளவில் இருக்கும். ஹேமர் (சுத்தியல்) வகையில், முதல் இழுப்பே சுத்தியலையும் பின்னுக்கு ஏற்றும் இரட்டைச் செயல் கொண்டவற்றில் முதல் இழுப்பு நீண்டதாகவும் கனமாகவும், அடுத்தடுத்தவை குறுகியதாகவும் மென்மையாகவும் இருக்கும். ஒரே துப்பாக்கியில் இரண்டு வகை இழுப்புகளைக் கற்க வேண்டும் என்பது அதன் குறை. முதல் இழுப்பு தற்செயலாக நிகழ்வது கடினம் என்பது அதன் நிறை.

கிளாக்கில் கையால் இயக்கும் சேஃப்டி பொத்தான் கிடையாது. விசையின் நடுவிலுள்ள சிறு நாக்கு, ஊசியைத் தடுக்கும் கட்டை, கீழே விழும்போது காக்கும் அமைப்பு என மூன்றும் தாமாகவே இயங்குகின்றன. விசையை அழுத்தினால் மூன்றும் விலகிவிடும். அதாவது விசையில் விரலோ சட்டை நுனியோ பட்டுவிட்டால் இந்த மூன்றும் உங்களைக் காக்கமாட்டா. ஆகவே இவ்வகைத் துப்பாக்கியோடு, விசைவளையத்தை முழுவதும் மூடும் உறுதியான உறையையும் (ஹோல்ஸ்டர்) சேர்த்தே வாங்க வேண்டும். மெல்லிய துணி உறையில் வைப்பதும், உறையின்றிக் கைப்பையில் போடுவதும் விபத்தை அழைப்பதாகும். கைச் சேஃப்டி உள்ளதை விரும்புபவர் அதை வாங்கலாம். ஆனால் அதை விலக்கும் அசைவு ஒவ்வொரு பயிற்சியிலும் இடம்பெற வேண்டும்.

கீழே விழுந்தால் தானாக வெடிக்குமா?

நவீன வடிவமைப்புகள் அப்படி வெடிக்காதிருக்கவே உருவாக்கப்படுகின்றன. இருந்தாலும் "புதிய மாதிரி" என்பது "முழுதும் சோதித்துத் தீர்ந்த மாதிரி" என்று பொருள்படாது. 2014-இல் வெளிவந்த சிக் சாவர் பி320-இன் ஒரு வடிவத்தை 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குறிப்பிட்ட கோணங்களில் கீழே விழுந்தால் சுடக்கூடும் என்ற சோதனைகள் வெளியானதையடுத்து, நிறுவனம் விருப்பத்தின்பேரிலான மேம்படுத்தும் திட்டத்தை அறிவித்தது. விசையைத் தொடாமலே சுட்டது என்று கூறும் வழக்குகள் அதன் பிறகும் தொடர்ந்தன. அந்தக் குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்துவருகிறது. இதில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் பழைய பி320 ஒன்றை மலிவாகக் கண்டால், அது மேம்படுத்தப்பட்டதா என்று தொடர் எண்ணை வைத்து நிறுவனத்திடம் கேட்டு அறியாமல் வாங்காதீர்கள். எந்த மாதிரியானாலும் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதேனும் உண்டா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. என் சொந்தப் பழக்கம், ஒரு மாதிரி சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டுகளாவது ஆகும்வரை காத்திருப்பது.

சுத்தம் செய்யக் கழற்றும் முறையை வாங்குமுன் ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்?

கிளாக்கைக் கழற்ற விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அறையில் தோட்டா இருப்பதைக் கவனிக்காமல் அழுத்தியவர்கள் சுவரையும் தம் உள்ளங்கையையும் துளைத்த கதைகள் சுடுதளங்களில் ஏராளம். பி365-இலும் ஸ்மித் அண்டு வெஸ்சன் எம்&பி வரிசையிலும் விசையை அழுத்தாமலே கழற்றலாம். நிதானமானவருக்கு இது பெரிய வேறுபாடன்று. களைத்த இரவில், தொலைபேசியில் பேசிக்கொண்டே துடைக்க உட்காரும் இயல்புடையவர் தம்மைத் தாமே அறிந்து தேர்ந்தெடுக்கட்டும்.

கண்ணாடி அணிகிறேன், முன்குறி மங்கலாகத் தெரிகிறது. சிவப்புப் புள்ளிக் கருவி உதவுமா?

நாற்பதைக் கடந்தவர்களுக்கு இது உண்மையான சிக்கல். இலக்கு, முன்குறி, பின்குறி ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண எந்தக் கண்ணாலும் முடியாது. வெள்ளெழுத்து வந்த கண் முன்குறியைக்கூடத் தெளிவாகக் காட்டாது. பல குவியக் கண்ணாடி அணிபவர்கள் முன்குறியைத் தேடித் தலையை நிமிர்த்தி நிமிர்த்தியே கழுத்து வலியோடு வீடு திரும்புகிறார்கள். சிவப்புப் புள்ளிக் கருவியில் இலக்கை மட்டும் பார்த்தால் போதும். புள்ளி அதன் மேல் மிதப்பது போலத் தெரியும்.

இதற்கும் இரண்டு தடைகள் உண்டு. சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் நட்சத்திரம் போலவோ வால் முளைத்தது போலவோ தெரியும். ஆகவே வாங்குமுன் உங்கள் கண்ணாடியோடு கருவி வழியே பாருங்கள். அடுத்து, கருவிகளின் அடித்தட அளவு (ஸ்லைடில் அமரும் அடிப்பகுதியின் வடிவம்) நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். துப்பாக்கியின் ஸ்லைடு கருவி பொருத்துவதற்காக வெட்டப்பட்டதா, எந்த அடித்தடத்தை ஏற்கும், இடைத்தகடு தேவையா என்று கேட்டுக்கொள்ளாமல் இரண்டையும் தனித்தனியே வாங்கினால் ஒன்று மற்றொன்றில் அமராது. கருவி வேண்டாம் என்பவர்கள், டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவால் இரவில் ஒளிரும் குறிகளைப் பார்க்கலாம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள் என்பதால், பழைய துப்பாக்கியில் "இரவுக் குறி உண்டு" என்று விளம்பரம் செய்தால் விளக்கை அணைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

9 மில்லிமீட்டர் போதுமா? பெரிய விட்டமே நல்லது என்கிறாரே கடைக்காரர்.

போதும். ஜார்ஜ் லூகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்தத் தோட்டா ஒரு காலத்தில் பலவீனமானது என்று தள்ளப்பட்டது. 1986-இல் மயாமியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு முகவர்களை இழந்த எஃப்.பி.ஐ., பெரிய தோட்டாக்களை நோக்கிச் சென்றது. பின்னர் குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டதால் 2010-களின் நடுப்பகுதியில் மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. குறைந்த உதைப்பு, மலிவான பயிற்சித் தோட்டா, கூடுதல் கொள்ளளவு ஆகிய மூன்றும் சேர்ந்து புதியவருக்கு இதையே பொருத்தமாக்குகின்றன. நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: குழிமுனைத் தோட்டாக்களை (முனையில் குழிவுள்ள, உடலில் பட்டதும் விரியும் குண்டு கொண்டவை) வீட்டில் வைத்திருப்பதற்கும் வெளியே எடுத்துச் செல்வதற்கும் அங்கே வெவ்வேறு விதிகள் உள்ளன.

வாங்குமுன் சுட்டுப் பார்க்க வழி உண்டா?

பல சுடுதளங்கள் வாடகைக்குத் தருகின்றன. வாங்க நினைக்கும் இரண்டு மூன்று மாதிரிகளையும் ஒரே நாளில், ஒரே வகைத் தோட்டாவால் சுடுங்கள். முதன்முறை தனியாக வருபவருக்கு வாடகைக்குத் தர மறுக்கும் தளங்கள் உண்டு. அது தற்கொலையைத் தடுப்பதற்கான ஏற்பாடு. அதைக் குறையாகக் கொள்ளாமல் ஒரு நண்பரையோ பயிற்சியாளரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாவாவது சுடுங்கள். முதல் பத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்; நாற்பதாவது தோட்டாவில்தான் உள்ளங்கை உண்மையைச் சொல்லத் தொடங்கும். ஐந்து அல்லது ஏழு மீட்டரில் மெதுவாகச் சுட்ட பத்துக் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைத் தாளோடு வீட்டிற்குக் கொண்டுவாருங்கள். தாள் சொல்வதும் மனம் விரும்புவதும் வேறுபட்டால் தாளை நம்புங்கள். நான் முதலில் வாங்கியது தோற்றத்தில் மயங்கி வாங்கிய மிகச் சிறிய ஒன்று. ஓராண்டு அதோடு மல்லுக்கட்டிய பிறகு, வாடகைக்கு எடுத்த கிளாக் 19-இல் முதல் நாளே அதைவிட நன்றாகச் சுட்டேன். சிறியதை நட்டத்திற்கு விற்றேன்.

வாங்கிய பின் நம்பகத்தன்மையை எப்படிச் சோதிப்பது?

பயிற்சித் தோட்டா இருநூறும், பாதுகாப்பிற்கென வைத்திருக்கப்போகும் தோட்டா ஐம்பதும் தடையின்றிச் சுடப்பட்ட பிறகே நம்புவது நல்ல வழக்கம். எல்லா மேகசின்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, அவற்றுக்கு எண் எழுதிவையுங்கள்; தடங்கல் ஒரே மேகசினில் மட்டும் வந்தால் குறை துப்பாக்கியில் இல்லை. எடை குறைந்த துப்பாக்கியை மணிக்கட்டு தளரப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்செல்லாமல், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேற்றும் வாயில் செங்குத்தாகச் சிக்கி நிற்கும். அப்படி நடந்தால் அனுபவமுள்ளவர் ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் நடந்தால் உற்பத்தியாளருக்கு எழுதுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கலாமா?

தாராளமாக. காவல்துறைகள் மாற்றிக்கொடுத்த துப்பாக்கிகள் நல்ல பேரம். உறையில் தேய்ந்து வெளிப்புறம் வெளிறியிருக்கும், ஆனால் பெரும்பாலும் குறைவாகவே சுடப்பட்டிருக்கும். வெளித் தேய்மானத்தைப் பொருட்படுத்தாமல், கழற்றி உள்ளே பாருங்கள். குழலின் உட்புறத்தில் குழிகளோ வளையம் போன்ற வீக்கமோ இருக்கக்கூடாது. குழல் முனையில் நெளிவு இருக்கக்கூடாது. ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் விரிசல் இருக்கக்கூடாது. முந்தைய உரிமையாளர் வீட்டிலேயே விசையை மென்மையாக்கியிருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஸ்லைடை மீண்டும் முன்னுக்குத் தள்ளும் பின்னியக்கச் சுருள்வில்லை வாங்கியவுடன் மாற்றிவிடுவது சில டாலர் செலவில் கிடைக்கும் நிம்மதி.

இடதுகைக்காரருக்கு?

மேகசின் விடுவிக்கும் பொத்தானை மறுபக்கம் மாற்ற முடிகிறதா, ஸ்லைடைப் பின்னுக்கு நிறுத்திவைக்கும் நெம்பு இருபுறமும் இருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். கிளாக்கின் ஐந்தாம் தலைமுறையில் இரண்டும் உண்டு.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். எங்கே வைப்பது?

பூட்டிய பெட்டியில். உயரமான அலமாரி மறைவிடம் அன்று. குழந்தைகள் மேசை மேல் நாற்காலி வைத்து ஏறுவார்கள் என்பது முறுக்கு டப்பாவை ஒளித்துவைத்த எந்தத் தாய்க்கும் தெரியும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள்; 2020-இல், ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களின் இறப்புக்கான முதற்காரணமாகத் துப்பாக்கிக் காயம் ஆனது. வீட்டில் யாரேனும் மனச்சோர்வில் இருந்தால், வாங்குவதைத் தள்ளிப்போடுவதே சரியான மதிப்பீடு.

ஆகவே செலவுக் கணக்கில் துப்பாக்கியின் விலையை மட்டும் எழுதாதீர்கள். ஐந்நூறு அறுநூறு டாலருக்குத் துப்பாக்கி வாங்குபவர், விரைவாகத் திறக்கும் உறுதியான பெட்டி, நல்ல உறை, கண், காதுப் பாதுகாப்பு, ஒரு தொடக்கநிலைப் பயிற்சி வகுப்பு, முதல் ஆண்டுக்கு ஆயிரம் பயிற்சித் தோட்டா ஆகியவற்றிற்கு ஏறத்தாழ அதே அளவு தொகையை ஒதுக்க வேண்டியிருக்கும். அந்தத் தொகை இல்லையென்றால் துப்பாக்கியின் விலையில் குறையுங்கள், பெட்டியிலும் வகுப்பிலும் குறைக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்லலாமா?

எண்ணிப் பார்க்கவே வேண்டாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி அங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. துப்பாக்கியை மறந்துபோய் எடுத்துச் செல்பவர் யாருமில்லை. ஒற்றைத் தோட்டாவை மறந்துபோய் எடுத்துச் சென்று விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் பலர். சுடுதளத்திற்குக் கொண்டுசெல்லும் பைக்கென்று தனியாக ஒன்றை வாங்கி, அதன் மேல் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். சென்னைக்குப் போகும் பெட்டியையோ, பிள்ளையின் பள்ளிப் பையையோ ஒருநாளும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.